புட்டிங் உப்பும் வரை

உலகத்தார் அனைவரும் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது. ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை எட்டேகால் மணிக்கு, யார்க்ஷயரின் கில்தோர்ப் கிராமத்தில், அவ்வூர் கிரிக்கெட் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை இருபத்திரண்டு ஆண்டுகள் இடைவிடாது வகித்து ஓய்வுபெற்ற டெரிக் லம் அவர்கள், சமையல் செய்யும் நோக்கத்தோடு, வாழ்நாளில் முதன்முறையாக, தம் சொந்தச் சமையலறைக்குள் நுழைந்தார்.

சாட்சிக்கு ஓர் ஈ இருந்தது. அதுவும் ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

எதையும் அறிக்கை ஒட்டாமல் தொடங்கிப் பழக்கமில்லாதவர் டெரிக். எனவே முதல் வேலையாகக் குளிர்பெட்டியின் கதவில் ஒரு தாளைக் காந்தம் வைத்து ஒட்டினார். 'இன்றைய ஆட்டம்: ஞாயிறு விருந்து. மைதானம்: சமையலறை. தொடக்க ஆட்டக்காரர், மாட்டிறைச்சி: 11.15. ஒன் டவுன், உருளைக்கிழங்கு: 1.15. புட்டிங்: 1.55. முட்டைக்கோஸ் தேவைப்பட்டால் இறங்கும். மேசைக்கு வரும் நேரம்: 2.20. மழை வந்தாலும் ஆட்டம் உண்டு. ஒப்பம், டெ. லம்.' எழுதி முடித்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று ஒருமுறை படித்துப் பார்த்தார். பாதி வேலை முடிந்துவிட்டது போலிருந்தது.

அவர் ஏன் சமையலறைக்கு வர நேர்ந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏழு வாரங்களுக்கு முன் அவர் மனைவி மோரீன் தபால் நிலையப் படியில் வழுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இடுப்புக்குப் புது மூட்டு வைத்தார்கள். மூட்டு நல்ல மூட்டுதான். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தான் வரைந்த ஓவியம் மாதிரி மெச்சிக்கொண்டார். அந்த மூட்டு பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது. மோரீன்தான் இன்னும் வந்து சேரவில்லை. முன்னறையில், ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கெல்லாம் "ம்" என்றாள். டெரிக் தகர டப்பாவைத் திறந்து சூடாக்கிக் கொடுக்கும் சூப்பில் இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டு, மீதியைத் தட்டோடு நகர்த்தி வைத்தாள். ஏழு வாரத்தில் டெரிக் டப்பா திறப்பதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார். குடிக்க வைப்பதில் பெறவில்லை.

வாராவாரம் வரும் நர்ஸ் வியாழக்கிழமை மோரீனை எடை பார்த்துவிட்டு, டெரிக்கை வாசலுக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மிஸ்டர் லம், காலெல்லாம் சரியாத்தான் இருக்கு. சாப்பிடாத ஆள எந்தக் காலும் நடக்க வைக்காது. அவங்களுக்குப் பிடிச்சதா ஏதாச்சும் செஞ்சு குடுங்க. அடுத்த வியாழக்கெழமையும் எட இதே மாதிரி எறங்கியிருந்துச்சுன்னா, திரும்பவும் ஆஸ்பத்திரியில சேக்கறதத் தவிர வழியில்ல."

மோரீனுக்கு என்ன பிடிக்கும்? நாற்பத்தோரு வருடத் தாம்பத்தியத்தில் அந்தக் கேள்விக்கு அவசியமே வரவில்லை. டெரிக்குக்கு என்ன பிடிக்கும் என்பது மட்டும் இருவருக்கும் தெரியும்: ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட், அதாவது ஓவனில் வாட்டிய மாட்டிறைச்சியும், இனிப்பே இல்லாமல் உப்பி எழும் யார்க்ஷயர் புட்டிங்கும்; அதுவும் டெஸ்ட் மேட்சோடு. ஒவ்வொரு ஞாயிறும் அதை மோரீன்தான் செய்கிறாள், ஆகவே அவளுக்கும் அதுதான் பிடிக்கும் என்று அவர் முடிவுகட்டினார். சங்கத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் தீர்மானங்கள் நிறைவேறியதும் இதே முறையில்தான்.

"இன்னிக்கி நான் ரோஸ்ட் பண்றேன்" என்று முன்னறைக்குப் போய் அறிவித்தார்.

"எதுக்கு?"

"லீட்ஸ்ல டெஸ்ட் மேட்ச் நடக்குது. ஞாயித்துக்கெழம வேற. ரோஸ்ட் இல்லாம எப்படி?"

"ம்."

"புட்டிங் மாவுக்கு எத்தன முட்ட?"

"ஒரு கிண்ணம்."

"முட்டைய எப்படி மோரீன் கிண்ணத்துல அளக்கறது?"

"ஒடச்சு ஊத்தி." அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதே கிண்ணத்துல மாவு. அதே கிண்ணத்துல பால். ஒரு சிட்டிக உப்பு. நல்லா அடிச்சு வெச்சுட்டு அந்தப் பக்கமே போகாத. பாத்துக்கிட்டே நின்னா அதுக்கு வெக்கம்."

ஏழு வாரத்தில் அவள் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. டெரிக் சமையலறைக்குத் திரும்பும்போது நடையில் ஒரு மிடுக்கு வந்திருந்தது.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இங்கிலாந்து தோற்கும் நிலையில் இருந்து, திடீரென்று ஒரு ஜோடி நின்று ஆட ஆரம்பித்தால், அந்த நொடியில் வீட்டில் யார் எங்கே எப்படி இருக்கிறார்களோ, அப்படியே இருக்க வேண்டும். நகர்ந்தால் விக்கெட் விழும். கல்யாணமான மறுவருடம் அப்படி ஒரு ஜோடி ஆடிக்கொண்டிருந்தபோது, மோரீன் தட்டோடு சமையலறையிலிருந்து வரப் பார்த்தாள். "நகராதே!" என்று டெரிக் கத்தினார். அவள் நின்றாள். இங்கிலாந்து ஜெயித்தது. அன்றிலிருந்து நெருக்கடி வந்தால் மோரீனின் இடம் சமையலறை, டெரிக்கின் இடம் டிவிக்கு எதிரே சாய்வு நாற்காலி என்று ஆனது. மருமகன் ஒருமுறை ஒரு காலில் மட்டும் ஷூவோடு நடைவழியில் நாற்பது நிமிடம் நின்றான். ஒருமுறை விருந்துக்கு வந்த பாதிரியார் கழிப்பறைக்குள் போன நேரம் பார்த்து ஏழாவது விக்கெட் ஜோடி அடிக்கத் தொடங்கிவிட்டது. தேநீர் இடைவேளைவரை அவரை வெளியே விடவில்லை. நாட்டுக்காகத்தானே என்று அவரும் உள்ளேயே உட்கார்ந்து ஜெபம் செய்ததாகக் கேள்வி.

சமையலறையில் ரேடியோவுக்கும் தடை. டிவியில் ஆட்டம் வருவதற்கு அரை நிமிடம் முன்பே ரேடியோவில் வந்துவிடுகிறது. ஒருநாள் டிவியில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடிவந்துகொண்டிருந்தபோதே சமையலறையிலிருந்து மோரீனின் "அடப்பாவமே" கேட்டது. மறுநாளே ரேடியோ பரணுக்குப் போனது.

பதினொன்றே காலுக்கு இறைச்சி ஓவனுக்குள் போனது. அறிக்கையில் உள்ளபடியே போனது என்பதில் டெரிக்குக்குச் சற்றுப் பெருமை. அப்புறம் சாய்வு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்து நூற்று அறுபது ரன் எடுக்க வேண்டும், கையில் ஐந்து விக்கெட். கொஞ்ச நேரத்தில் கொழுப்பு உருகும் வாசனை முன்னறைக்கு வந்தது. மோரீனின் மூக்கு லேசாக அசைந்ததை டெரிக் ஓரக்கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"அதுக்கு மேல கொழுப்ப எடுத்து ஊத்துனியா?" என்று அவளே கேட்டாள்.

"எதுக்கு மேல?"

"என் தலைக்கு மேல. இறைச்சிக்கு மேலதான். அரை மணிக்கு ஒருக்கா ஊத்தணும். காஞ்சு போயிடும்."

அவர் ஓடினார். அவர் ஓடிய நேரத்தில் ஒரு விக்கெட் விழுந்தது. திரும்ப ஓடினார். இன்னொன்று விழுந்தது. ஒன்றேகாலுக்கு இறைச்சியை வெளியே எடுத்து, துணியால் போர்த்தி, மூலையில் தூங்க வைத்தார். உருளைக்கிழங்கை அரைவேக்காட்டில் வடித்து, மூடி போட்டுக் குலுக்கி, சூடான கொழுப்பில் போட்டார். நான்கைந்து தரையில் உருண்டன. அவற்றைக் கழுவிப் போட்டது அறிக்கையில் இடம்பெறாது.

சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஒன்று நாற்பதுக்கு ஆட்டம் தொடங்கியது. மூன்றாவது ஓவரில் ஒன்பதாவது விக்கெட்டும் போனது. இன்னும் அறுபத்தொரு ரன் வேண்டும். கடைசியாக இறங்கிய பையன் மட்டையைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"முடிஞ்சுது" என்று டெரிக் எழுந்தார். "நான் போயி புட்டிங்க ஊத்தறேன். இதப் பாக்கறதுக்கு அது மேல்."

இங்கிலாந்து தோற்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நாற்பத்தோரு வருடமாக அப்படித்தான். தோற்ற ஞாயிறுகளில் முள்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தட்டு அப்படியே அடுத்த வீட்டு நாய்க்குப் போகும்.

சமையலறையில் ஆறு குழி வைத்த தகரத்தட்டு ஓவனுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. எடுத்தார். குழிகளில் கொழுப்பு புகைந்தது. மாவை ஊற்றியபோது ஒவ்வொரு குழியும் சீறியது. உள்ளே தள்ளிக் கதவை மூடினார். இனி இருபத்தைந்து நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்காற்று பட்டு அத்தனையும் சப்பென்று உட்கார்ந்துவிடும். இது டெரிக் இயற்றிய சட்டமல்ல. உண்மையான சட்டம்.

திரும்பி ஓர் அடி எடுத்து வைத்தார்.

"டெரிக்! நகராத!"

அவர் கால் அந்தரத்தில் நின்றது. அது மோரீனின் குரல்தான். ஆனால் ஏழு வாரமாக வீட்டில் இல்லாத குரல்.

"என்ன ஆச்சு?"

"நீ போனதும் அந்தக் கொடக்காரன் ரெண்டு ஃபோர் அடிச்சுட்டான்! தொடர்ந்தாப்புல! அங்கயே நில்லு!"

"மோரீன், நான் வந்து பாத்துட்டு…"

"சட்டம் யாரு போட்டது? நானா போட்டேன்? நில்லுய்யா அங்கயே! இன்னும் அம்பத்துமூணு!"

டெரிக் காலைக் கீழே வைத்தார். அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே அவருக்கு விதிக்கப்பட்ட இடம் ஒரு பாய் அகலம்கூட இருக்காது. கை நீட்டினால் கிரேவிச் சட்டி எட்டும், முட்டைக்கோஸ் எட்டும், ஜன்னல் எட்டும். நாற்பத்தோரு வருடத்தில் முதன்முறையாக, அந்த இடத்திலிருந்து என்ன தெரியும் என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு சுவர் தெரியும்.

"நாலு!" என்று குரல் வந்தது. "நாப்பத்தொம்போது!"

"எந்தப் பக்கம் அடிச்சான்?"

"இந்தப் பக்கம்!"

"எந்தப் பக்கம்னா?"

"டிவிக்கு எடது பக்கம், பூச்சாடிகிட்ட! பேச்சக் குடுக்காத, அடுத்த பந்து வருது. அய்யய்யோ! ஆறு! டெரிக், ஆறு! நாப்பத்திமூணு!"

டெரிக் கிரேவியைக் கிளறினார். சட்டியை விட்டுக் கரண்டி வெளியில் சுற்றுவதைக்கூட அவர் கவனிக்கவில்லை. கடைசி ஜோடியின் ஆட்டத்தால் அல்ல, அந்தக் குரலால். அது கரகரத்தது, ஏறியது, ஆளை அதட்டியது. "ரெண்டு! நாப்பத்தொண்ணு!" என்றது. அப்புறம் நின்றுவிட்டது.

ஒரு நிமிடம் ஒரு சத்தமும் இல்லை.

"மோரீன்? என்ன ஆச்சு?"

டெரிக் கரண்டியைச் சட்டிக்குள் போட்டார்.

"மோரீன்! அவுட்டா?"

"இல்ல இல்ல" என்றது குரல், கொஞ்சம் தாமதமாக. "தண்ணி குடிக்கறாங்க. ட்ரிங்ஸ்."

சாப்பிட்டுவிட்டு வந்து முழுசாக அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் தண்ணீர் இடைவேளையா? டெரிக்குக்கு உறுத்தியது. வெயில் அதிகமோ என்னவோ என்று சமாதானம் செய்துகொண்டார்.

"அங்கயே நில்லு! ஆரம்பிச்சுட்டாங்க! நாலு! முப்பத்தேழு!"

அப்போது ஜன்னலை யாரோ தட்டினார்கள். அடுத்த வீட்டு அவ்ரில். இரண்டு வீட்டுக்கும் பின்புறம் ஒரே குட்டைச்சுவர். அவள் கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பை இருந்தது. அடியில் ரோஜாப்பூ போட்டது, இரண்டு விரல் அளவு ஷெர்ரி ஒயின் ஊற்றியது.

டெரிக் கையை நீட்டி ஜன்னலைத் திறந்தார்.

"நீ இங்க என்னப்பா பண்ற?" என்றாள் அவ்ரில். "மோரீன் நடக்க ஆரம்பிச்சுட்டாளா? கடைசி ஜோடின்னதும் வருவாளோன்னு ஊத்தி வெச்சேன். வரல. சரி, இடுப்பு வலியாட்டம் இருக்கு, நம்மளே கொண்டு போயி குடுப்போம்னு வந்தேன்."

"எங்க வருவா?"

"எங்க வீட்டுப் படிக்கு. வேறெங்க?"

"எதுக்கு?"

அவ்ரில் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ நகராதன்னு கத்துனதும் பின்கதவத் தெறந்துக்கிட்டு எங்க படிக்குத்தான வருவா. ஷெர்ரி குடிப்போம். பேசிக்கிட்டிருப்போம். நீ கும்மாளம் போடற சத்தம் கேட்டதும் ஓடிப் போயி கரண்டியக் கையில எடுத்துக்குவா." அவள் சற்று நிறுத்தினாள். "உனக்குத் தெரியாதா?"

"எத்தன வருஷமா?"

"நாங்க இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து. முப்பத்தாறு வருஷம்."

டெரிக் அடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தாறு வருட வெற்றிகள் அவர் கண்முன்னே வரிசையாக வந்து போயின. ஒவ்வொன்றிலும் சமையலறை காலி. இங்கிலாந்து எப்படி ஜெயித்தது?

"பாவம், அவளும் எத்தன நேரம்தான் செவுத்தப் பாத்துக்கிட்டு நிப்பா" என்றாள் அவ்ரில். டெரிக் சுவரைப் பார்த்தார். "சரி விடு, அதான் ஆட்டமும் முடிஞ்சு போச்சே."

"எது முடிஞ்சுது?"

"மேட்ச்சுதான். அந்தக் கடைசிப் பையன் போல்ட். நாப்பது ரன்ல தோத்தாச்சு. அஞ்சு நிமிஷம் ஆச்சு. எம்புருஷன் க்ளிஃப் டிவிய அணைச்சுட்டு, கோவத்துல தோட்டத்துல முள்ளங்கியெல்லாம் புடுங்கிப் போட்டுக்கிட்டிருக்கான்."

அந்த நேரம் பார்த்து முன்னறையிலிருந்து குரல் வந்தது. "நாலு! முப்பத்திமூணு! முழங்கைய ஒசத்தி ஆடுடா, மரமண்ட!"

அவ்ரில் டெரிக்கைப் பார்த்தாள். டெரிக் அவ்ரிலைப் பார்த்தார். முட்டைக்கோஸ் கொதித்தது.

"தோத்தா நீ சாப்பிட மாட்டல்ல" என்றாள் அவ்ரில் மெல்ல. "அதான் போலிருக்கு. காலைலேர்ந்து நீ சமைக்கற வாசன எங்க வீடு வரைக்கும் வருது. அதத் தட்டுல வெச்சுக்கிட்டு செவுத்தப் பாத்து உக்காந்துடுவியேன்னு பயப்படறா."

டெரிக் முன்னறைக்குப் போகத்தான் திரும்பினார். ஆனால் அதே நேரத்தில் அந்தக் குரல் மறுபடி கேட்டது. "நேராப் புடிச்சு ஆடு! பந்தப் பாருடா, பந்த! ஊரப் பாக்காத!" அத்தனையும் டெரிக்கின் வசனங்கள். சாய்வு நாற்காலியிலிருந்து நாற்பத்தோரு வருடம் அவர் கத்தியவை. சுவர் வழியாகப் போய் எங்கேயோ சேர்ந்து, இப்போது வட்டியோடு திரும்பி வந்துகொண்டிருந்தன.

அந்தக் குரலை நிறுத்த அவருக்கு இரண்டு வார்த்தை போதும். ஆட்டம் முடிஞ்சுடுச்சு. அவ்வளவுதான். வீடு மறுபடி "ம்" என்று ஆகிவிடும்.

அவர் அவ்ரிலைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டார்.

"மோரீன்!" என்று கத்தினார். "இன்னும் எவ்வளவு?"

"முப்பத்திமூணுதான்! நகந்துடாத!"

"எவன்டா நகருவான்!" என்றார் டெரிக்.

அவ்ரில் ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

அடுத்த பன்னிரண்டு நிமிடம் இங்கிலாந்து ஆடிய ஆட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வேகப்பந்து வீச்சாளரின் பந்தைக் கடைசிப் பையன் மண்டியிட்டு ஸ்வீப் அடித்தான். ஆஸ்திரேலியக் கேப்டன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். ஒரு பந்து மைதானத்துக்கு வெளியே போய் ஐந்து ரன் ஆனது. ஒரு நாய் குறுக்கே ஓடியது, பாவம், அதைப் பிடிக்க ஒருவரும் இல்லை. நடுவில் ஓர் இரண்டு ரன் கணக்கில் விட்டுப்போனது. இருபத்திரண்டு வருடம் சங்கத்தின் ஸ்கோர் புத்தகத்தைச் சரிபார்த்த டெரிக்குக்குக் கை பரபரத்தது. பற்களைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். அவர் இங்கிலாந்துக்காகச் செய்த தியாகங்களில் இதுவே பெரியது.

"அங்க புட்டிங் என்ன ஆச்சு?" என்று ஓவர் நடுவே குரல் கேட்டது. "உப்புதா?"

டெரிக் குனிந்து ஓவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டினார். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் ஆறு குழிகளும் விளிம்பைத் தாண்டித் தலைதூக்கிக்கொண்டிருந்தன.

"நாலு எழுந்துடுச்சு!" என்று கத்தினார். "அஞ்சாவது வருது! ஆறாவதுதான் அசையல!"

"கதவத் தெறந்துடாத!"

"தெறக்கலடி!"

"நெறம்?"

"மஞ்சளா இருக்கு. ஓரத்துல கொஞ்சம் செவப்பு."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம்!"

"அப்ப இன்னும் பன்னெண்டு ரன் வேணும்" என்றாள்.

இரண்டு நிமிடம் இருந்தபோது எட்டு ரன் வேண்டியிருந்தது. ஒரு நிமிடம் இருந்தபோது நாலு. ஐந்து புட்டிங்குகளும் ஓவனுக்குள் கிரீடம் கிரீடமாகச் சிவந்து நின்றன. ஆறாவது சப்பட்டையாகவே இருந்தது. டெரிக் கைத்துணியை எடுத்துக்கொண்டார்.

"எடுக்கட்டுமா, மோரீன்?"

"எடு!" என்ற குரலோடு கைதட்டலும் கேட்டது. "ஜெயிச்சாச்சு! எடு, எடு, ஜெயிச்சாச்சு!"

அவர் கதவைத் திறந்தார்.

முன்னறையில் டிவி அணைந்திருந்தது. ரிமோட்டைக் காணவில்லை. மோரீனின் மடியிலிருந்த போர்வை ஒரு பக்கம் மட்டும் மேடாக இருந்தது. அவள் கன்னங்கள் சிவந்திருந்தன. தொண்டை கட்டியிருந்தது.

"ஜெயிச்சதும் அணைச்சுட்டேன்" என்றாள். "அப்பறம் உக்காந்து பேசிக்கிட்டே இருப்பாங்க. தாங்காது."

"நல்லதுதான் பண்ண."

அந்த வீட்டில் புட்டிங் தனியாக, முதலில், வெங்காயக் கிரேவியோடு வரும். இறைச்சியோடு சேர்த்து வைப்பது தென் இங்கிலாந்துக்காரர்கள் வேலை. டெரிக் அவள் தட்டில் ஒன்றை வைத்து, குழிக்குள் கிரேவி ஊற்றினார். அவள் அதை ஒரு வாத்தியாரைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பை ஒடித்தாள். முறுக்குபோல நொறுங்கியது. வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். டெரிக் தம் முள்கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவள் தாடையையே பார்த்தார். அவள் அவர் முள்கரண்டியையே பார்த்தாள்.

"நீ சாப்பிடல?"

"நீ சாப்பிடு மொதல்ல."

"ஜெயிச்சிருக்கோம், சாப்பிடாம இருக்க?"

டெரிக் ஒரு துண்டை வெட்டி வாயில் வைத்தார். தோற்ற ஞாயிறு ஒன்றில் அவர் விழுங்கிய முதல் கவளம் அது. இறங்கிவிட்டது. இரண்டாவதும் இறங்கியது. மோரீன் தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு புட்டிங் முடிந்தது. தட்டில் கிடந்த கிரேவியை விரலால் வழித்தாள்.

"இன்னொண்ணு போடு" என்றாள்.

டெரிக் சமையலறைக்குப் போனார். இன்னொரு புட்டிங்கோடும், ரோஜாப்பூக் கோப்பையோடும் திரும்பி வந்தார். கோப்பையை அவள் தட்டின் பக்கத்தில் வைத்தார். உட்கார்ந்து கிரேவியை ஊற்றினார்.

மோரீன் கோப்பையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். காது நுனிவரை சிவந்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முப்பத்திமூணுலேர்ந்து."

"அப்பறமும் அங்கயே நின்ன?"

"நீ நல்லா ஆடிக்கிட்டிருந்த. நகந்தா விக்கெட் போயிடும்ல?"

அவள் முதலில் தோளால் சிரித்தாள். பிறகு வயிற்றால் சிரித்தாள். இடுப்பு வலிக்க, "அய்யோ" என்று புது மூட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ரெண்டு ரன் விட்டுட்ட" என்றார் டெரிக். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நாய் ஓடுனப்பவா?"

"அதுக்கு முந்தி."

"முப்பத்தாறு வருஷத்துக்கு என்ன சொல்லப் போற?"

டெரிக் யோசித்தார். "அங்க நின்னு பாத்தேன்" என்றார். "செவுருதான் தெரியுது."

"ஆமா" என்றாள் அவள். ஷெர்ரியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள். அவரும் ஒரு வாய் குடித்தார். அப்புறம் அவள் இறைச்சி கேட்டாள். இரண்டு துண்டு சாப்பிட்டாள், உருளைக்கிழங்கு மூன்று. அதில் ஒன்று தரையில் உருண்டது என்பது அவளுக்குத் தெரியாது. சப்பட்டையான ஆறாவது புட்டிங்குக்குப் பழைய வழக்கப்படி ஜாம் தடவி, பாதிப் பாதியாகத் தின்றார்கள்.

அன்று மாலை குளிர்பெட்டிக் கதவில் புதிய அறிக்கை ஒன்று ஒட்டப்பட்டது. நெருக்கடி நேரங்களில் இனி டெரிக் லம் சமையலறையிலும், மோரீன் லம் சாய்வு நாற்காலியிலும் இருப்பார்கள் என்றும், ஆட்ட வர்ணனை முழுவதும் மோரீனின் பொறுப்பு என்றும், அவள் சொல்லும் ஸ்கோரே இறுதியானது என்றும், அடுத்த வீட்டுப் படிக்குப் போய்வரும் உரிமை இருவருக்கும் உண்டு என்றும், இவ்வேற்பாடு அடுத்த ஞாயிறு முதல் நடைமுறைக்கு வருகிறது என்றும் அதில் கண்டிருந்தது. ஒப்பம் இருவருடையது.

அடுத்த ஞாயிறு நாள் முழுக்க மழை.